எஞ்சின் நின்ற பிறகு நடக்கும் தவறுகள்

2024 பிப்ரவரி 13 அன்று மலேசியாவின் காப்பார், கம்போங் தோக் மூடா பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் ஒரு சிறிய விமானம் விழுந்து, அதில் இருந்த இருவரும் இறந்தார்கள். இப்படி எங்கே எது விழுந்தாலும் ஒட்டுக்கடையில் தே தாரிக் ஆறுவதற்குள் "எஞ்சின் நின்னுருச்சு" என்று தீர்ப்பு வந்துவிடும். முதல் தவறு அதுதான். 2023 ஆகஸ்டு 17 அன்று ஷா ஆலம் எல்மினாவில் 10 பேர் இறந்த விபத்தை நினைத்துப் பாருங்கள். தரையிறங்கிய பின் விரிக்க வேண்டிய ஸ்பாய்லர்கள் (இறக்கையின் தூக்கும் விசையைக் குறைக்கும் தகடுகள்) வானத்திலேயே தவறுதலாக விரிக்கப்பட்டதுதான் காரணம் என்று விசாரணை சொன்னது. முதற்கட்ட அறிக்கைக்கே 30 நாள் அவகாசம் உண்டு. அதுவரை வாட்ஸ்அப் நிபுணர்கள் கொஞ்சம் பொறுக்கலாம்.

சரி, எஞ்சின் உண்மையிலேயே நின்றுவிட்டால்? விமானம் அப்படியே தலைகுப்புற விழுந்துவிடாது. செஸ்னா 172 போன்ற சிறிய விமானம் காற்றில்லாத நாளில் 3,000 அடி உயரத்திலிருந்து 8 கிலோமீட்டர் அளவுக்கு மிதந்தே வரும். உயிரை எடுப்பது பெரும்பாலும் அதற்குப் பிறகு செய்கிற காரியங்கள்.

அதில் மோசமானது, ஓடுதளத்துக்கே திரும்பப் பார்ப்பது. ஏறிய கொஞ்ச நேரத்தில் 500 அடியில் எஞ்சின் நிற்கிறது. ஓடுதளம் பின்னால்தானே இருக்கிறது என்று மனசு இழுக்கும். ஆனால் அரை வட்டம் அடித்தால் ஓடுதளத்துக்குப் பக்கவாட்டில்தான் வந்து நிற்பீர்கள். நேர்கோட்டுக்கு வர இன்னும் திரும்ப வேண்டும். 45 பாகை சாய்ந்து திரும்பும்போது, இறக்கை பிடிப்பை இழக்கும் வேகம் ஏறக்குறைய 19 விழுக்காடு கூடிவிடும். தரை நெருங்குகிறதே என்ற பயத்தில் மூக்கைத் தூக்கினால் வேகம் மேலும் குறையும். ஓர் இறக்கை சரிந்து விமானம் சுழல ஆரம்பித்தால், அந்த உயரத்தில் மீட்க நேரமே கிடையாது. அதனால்தான் பயிற்றுநர்கள் மண்டையில் ஏற்றுவது: முதலில் மூக்கை இறக்கு, வேகத்தைக் காப்பாற்று, எதிரே கிடைக்கும் இடத்தில் இறங்கு.

எதிரே இருப்பது தோட்டம் என்றால் அடுத்த ஏமாற்றம். மேலிருந்து பார்க்கச் செம்பனை பச்சை மெத்தை மாதிரி தெரியும். மரத்துக்கு மரம் சுமார் 9 மீட்டர். செஸ்னாவின் இறக்கை முனைக்கு முனை 11 மீட்டர். வரிசைக்கு நடுவில் நுழையவே முடியாது. வெளிக்காட்டில் குலை வெட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. செம்மண் பாதையும் ஆசை காட்டும், ஆனால் இரண்டு பக்கமும் மரம், ஓரத்தில் கால்வாய். மறுநடவுக்கு மரம் சாய்த்த வெட்டவெளி தெரிந்தால் அது எவ்வளவோ மேல்.

எஞ்சின் நிற்பதற்கே காரணமாகும் தவறுகளும் உண்டு. பெட்ரோல் அளவைக் காட்டும் கருவியை மட்டும் நம்பி டாங்கியில் குச்சி விட்டுப் பார்க்காதது, எந்த டாங்கியிலிருந்து பெட்ரோல் வர வேண்டும் என்று மாற்றும் வால்வைக் காலியான டாங்கியிலேயே விட்டுவைப்பது, அடியில் தேங்கிய தண்ணீரை வடித்துப் பார்க்காதது. எல்லாம் கிளம்பும் முன்னும் பறக்கும்போதும் சில நிமிடங்களில் முடிகிற வேலை.

இன்னொன்றைச் சொன்னால் சிரிப்பார்கள்: நம் ஊர் வெயிலில், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டருக்குள் ஐஸ்! பெட்ரோல் ஆவியாகும்போது உள்ளே வெப்பநிலை 30 பாகைக்கு மேல்கூட இறங்கிவிடும். நம் ஈரக்காற்று அங்கே உறைந்துவிடும். வெளியே 30 பாகை இருந்தாலும், பவரைக் குறைத்து இறங்கும்போது இது நடக்கலாம். சூடான காற்றை விடும் பிடியை இழுத்ததும் ஐஸ் உருகி எஞ்சின் இருமும். பயந்துபோய் பிடியைத் திரும்பத் தள்ளிவிடுவதுதான் அங்கே நடக்கும் தவறு.

அப்புறம், கீழே இருக்கும் நமக்கு. விழுந்த இடத்துக்குக் கூட்டமாக ஓடுவது, சிகரெட்டோடு நிற்பது, இறந்தவர்களைப் படம் எடுப்பது, உடைந்த துண்டை வீட்டுக்குக் கொண்டுபோவது, ஒன்றுமே கூடாது. அந்தத் துண்டுதான் விசாரணைக்குச் சாட்சி. சில சிறு விமானங்களில், விமானத்தையே தாங்கி இறக்கும் பாராசூட்டை வெளியே தள்ள ராக்கெட் இருக்கும். வெடிக்காமல் கிடந்தால் மீட்க வருபவருக்கே ஆபத்து. அதற்கான எச்சரிக்கை ஸ்டிக்கர் கண்ணில் பட்டால் போம்பாவிடம் (தீயணைப்புப் படையிடம்) சொல்லுங்கள்.

999க்கு அழைக்கும்போது "தோட்டத்துக்குள்ளே" என்று மட்டும் சொன்னால் வண்டி சுற்றிக்கொண்டே இருக்கும். பிளாக் எண், எந்தப் பாதையில் லாரி போகும், எந்தப் பாலம் தாங்காது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கேட் பூட்டியிருந்தால் சாவி யாரிடம் என்று பார்த்து, ஓர் ஆளைச் சாலை முனைக்கு அனுப்பிவிடுங்கள்.