காலை ஆறேகால் கணக்கு

பறவைக் கணக்கு என்றதும் பைனாகுலர் வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். நான் கோவை சிங்காநல்லூர் பக்கம் ஒரு மில்லில் ஸ்பின்னிங்கில் இருந்தவன். ஷிப்ட் நோட்டில் இழை அறுந்த கணக்கு எழுதிய பழக்கம்தான் இப்போது எங்கள் வீதியில் குருவிக் கணக்காக ஓடுகிறது.

ஐந்து வீடு சேர்ந்தால் போதும். வீட்டுக்கு ஒரு நோட்டு. காலை 6.15க்கு வாசலிலோ மொட்டை மாடியிலோ 15 நிமிடம் நில்லுங்கள். இடமும் நேரமும் மாறக் கூடாது. தவிட்டுக்குருவிகள் ஏழு சருகைப் புரட்டிவிட்டுச் சுவருக்குப் பின்னால் போகும். திரும்பி வந்ததும் மறுபடி ஏழு என்று எழுதினால் பதினாலாகிவிடும். ஒவ்வொரு வகையிலும் ஒரே சமயத்தில் கண்ணில் பட்ட எண்ணிக்கையில் அதிகமானது எதுவோ அதை மட்டும் எழுதுங்கள். குரல் மட்டும் கேட்டால் பக்கத்தில் 'கே' போடுங்கள். செம்மார்புக் குக்குறுவான் 'டொக் டொக்' என்பதை வெகுநாள் பின்தெரு லேத் பட்டறைச் சத்தம் என்றே நினைத்திருந்தேன்! எதுவுமே வராத நாளில் 'ஒன்றுமில்லை' என்று எழுத வேண்டும். அதுவும் கணக்குதான்.

அப்புறம், கூட்டுக்கென்று தனிப் பக்கம் ஒதுக்குங்கள். போன வருசம் செம்பருத்தி வேலியை ஒட்ட வெட்டச் சொன்னது நான்தான். வெட்டிப்போட்ட கிளையைப் புரட்டினால், இலையை மடித்து ஓரத்தில் ஓட்டை போட்டுப் பஞ்சு இழையால் தைத்த பை. தையல்சிட்டுக் கூடு. உள்ளே மூன்று முட்டை, இரண்டு உடைந்திருந்தன. நூலிலேயே கிடந்தவன் நான், அந்தத் தையல் என் கண்ணில் படவில்லை.

இப்போது கூடு தெரிந்தால் அந்த வீட்டு கேட்டில் சிவப்புத் துணி கட்டுகிறோம். கூட்டுக்குப் பக்கத்தில் கட்டக் கூடாது, காக்காய்க்கும் பூனைக்கும் வழி காட்டின மாதிரி ஆகிவிடும். வேலி வெட்ட வருகிறவரிடம், "தம்பி, கேட்டுல சிவப்புத் துணி தொங்குனா அந்த வூட்டு வேலிய அடுத்த மாசம் பாத்துக்கலாங்" என்று முன்பே சொல்லி வைத்திருக்கிறோம். முட்டையிட்டுக் குஞ்சு பறக்க தையல்சிட்டுக்கும் தேன்சிட்டுக்கும் ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும்.

இறகு முளைத்த குஞ்சு தரையில் தத்தினால் வீட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள். புதர் மேல் வைத்துவிட்டு விலகுங்கள், தாய் வந்து ஊட்டும். இறகில்லாததைக் கூட்டிலேயே திரும்ப வையுங்கள். கை பட்டால் சேர்க்காது என்பது சும்மா பேச்சு.

தண்ணீருக்கு அகலமான மண்தட்டு போதும், இரண்டு அங்குல ஆழம், நடுவில் ஒரு கல். தினமும் மாற்றாவிட்டால் கொசுதான் வளரும்.

பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடெங்கும் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். 15 நிமிடப் பட்டியலை, பறவைப் பதிவுகளைச் சேர்த்து வைக்கும் இபேர்ட் (eBird) செயலியில் ஏற்றினால் நம் வீதியும் அதில் சேரும். பெயர் தெரியாவிட்டால் பார்த்ததை அப்படியே நோட்டில் எழுதுங்கள். எதிர்வீட்டு அக்கா, 'வாலை ஆட்டிக்கிட்டே மாடியில் நடந்தது' என்று எழுதியிருந்தார். பார்த்தால், அதன் பெயரே வாலாட்டி.