பாஸ்டன் பக்கம் போறவங்களுக்கு: சேலம்ல ஒரு சீன வீடு இருக்கு, விட்டுடாதீங்க

பாஸ்டன்ல ஒரு நாள் சும்மா இருந்தா நார்த் ஸ்டேஷன்ல ட்ரெயின் ஏறுங்க, அரை மணி நேரத்துல சேலம் வந்துடும், அங்க பீபடி எசெக்ஸ் மியூசியத்துக்குள்ள 'யின் யூ டாங்'னு ஒரு முழு வீடே நிக்குது. சீனாவுல ஆன்ஹுய் மாகாணத்துல ஹுவாங் குடும்பம் கிட்டத்தட்ட 200 வருஷமா தலைமுறை தலைமுறையா வாழ்ந்த வீடு, கடைசியா இருந்தவங்களும் 1980கள்ல கிளம்பிட்டாங்க, அப்புறம் ஒவ்வொரு மரமா ஒவ்வொரு கல்லா பிரிச்சு கப்பல்ல ஏத்தி அமெரிக்கா கொண்டு வந்து திரும்பக் கோர்த்து 2003ல திறந்தாங்க. மொத்தம் 16 படுக்கையறை!

வீட்டைப் பார்க்க எந்த நேரத்துல உள்ள விடுவாங்கன்னு டிக்கெட் வாங்கும்போதே கேட்டுடுங்க, லீவு நாள்னா முன்னாடியே புக் பண்றது நல்லது. நடு முற்றம் வானத்தைப் பார்த்துத் திறந்து கிடக்கும், அதனால குளிர்காலத்துல ஜாக்கெட்டைக் கழட்டி வெச்சுட்டுப் போகாதீங்க.

உள்ள போனதும் முற்றத்து மீன் தொட்டிகிட்டயே நின்னு போட்டோ எடுத்துட்டு வந்துடாதீங்க ப்ளீஸ். மாடி ஏறி ரூம் ரூமா பாருங்க, சுவத்துல ஒட்டின பழைய பேப்பர், மாவோ காலத்துல ஊர் செய்தி கேக்க வீட்டுக்குள்ள மாட்டின ஸ்பீக்கர்னு எல்லாத்தையும் அப்படியே விட்டு வெச்சிருக்காங்க. புதுசு மாதிரி பாலிஷ் போட்டிருந்தா இதெல்லாம் போயிருக்கும், எனக்கு ரொம்பப் பிடிச்சதே அதுதான். தூணும் உத்தரமும் சேர்ற இடத்தையும் கிட்டப் போய் பாருங்க, மரத்துக்குள்ள மரத்தைச் செருகியே நிக்க வெச்சிருக்காங்க.