முதியோர் இல்லத்தில் இருக்கும் பெற்றோரைப் பார்க்கப் போகிறீர்களா?

வெளிநாட்டிலிருந்து இரண்டு மூன்று வார விடுப்பில் ஊருக்குப் போகிறவர்கள், இல்லத்தில் இருக்கும் அம்மாவையோ அப்பாவையோ பெரும்பாலும் வந்த மறுநாளும் கிளம்புவதற்கு முந்தின நாளும்தான் பார்க்கிறோம். இரண்டுமே இல்லத்துக்கு முன்கூட்டித் தெரிந்த நாள்கள். தலை வாரி, துவைத்த துணி உடுத்தி, முன்னறையில் உட்கார வைத்திருப்பார்கள். வீடியோ அழைப்பிலும் இதே கதைதான். அதனால் முதல் வாரத்திலேயே, சொல்லாமல் கொள்ளாமல் இரண்டு மூன்று தடவை போங்கள். ஒருமுறை சாப்பாட்டு வேளையில், ஒருமுறை இருட்டிய பிறகு, ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை. ஆள் குறைவான நேரத்தில்தான் இல்லத்தின் லட்சணம் தெரியும். ஒருநாள் "பார்வை நேரம் முடிந்துவிட்டது" என்று திருப்பி அனுப்பினால் பரவாயில்லை. ஒவ்வொரு முறையும் அறைக்குள் விடாமல் வெளியிலேயே அழைத்து வந்து காட்டினால் சந்தேகப்படுங்கள்.

உடம்பைப் பாருங்கள். வயதானவர்களுக்கு, அதுவும் ஆஸ்பிரின், வார்ஃபரின் போன்ற, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை எடுப்பவர்களுக்கு, முன்கையில் லேசாக இடித்தாலே கன்றிவிடும். அதை வைத்து யாரையும் குற்றவாளி ஆக்கிவிட வேண்டாம். ஆனால் இரண்டு மேற்கைகளிலும் விரல் பதிந்த மாதிரி கன்றல், மணிக்கட்டைச் சுற்றித் தடம், கழுத்திலோ விலாவிலோ உள்தொடையிலோ காயம் என்றால் கட்டாயம் விளக்கம் கேளுங்கள். அப்புறம் படுக்கைப்புண். முதுகின் அடிப்பகுதி, இடுப்பின் பக்கங்கள், குதிகால் மூன்றையும் போர்வையை விலக்கிப் பார்க்க வேண்டும். தோல் சிவக்கும் என்று படித்திருப்போம். நம் நிறத்துக்குச் சிவப்பு எளிதில் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்தோ ஊதாவாகவோ மாறி, தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ இருந்தால் புண் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடி, திட்டு மட்டும் கொடுமை இல்லை. தண்ணீர்க் குவளையும் அழைப்பு மணியும் கைக்கு எட்டாமல் இருப்பது, வளர்ந்து வளைந்த கால்நகம், காணாமல் போன மூக்குக்கண்ணாடி, நனைந்தே கிடக்கும் டயப்பர் எல்லாம் அலட்சியத்தின் அடையாளங்கள். பகலில் எந்நேரமும் தூங்கி வழிந்தால் மருந்துச் சீட்டைக் கேட்டு வாங்கி, எந்த மாத்திரையை எந்த மருத்துவர் எதற்காகக் கொடுத்தார் என்று பாருங்கள். தொந்தரவு செய்யாமல் இருப்பதற்காகவே தூக்க மருந்து கொடுக்கும் இடங்களும் உண்டு. பணத்தையும் விடாதீர்கள்: ஏடிஎம் அட்டை யாரிடம் இருக்கிறது, கைநாட்டு வாங்கிய காகிதம் ஏதாவது உண்டா?

அம்மா அப்பாவைக் கேட்டால் "நல்லாத்தான் பார்த்துக்கொள்கிறார்கள்" என்பார்கள். நமக்குக் கவலை தரக்கூடாது என்றும் சொல்வார்கள், நாம் போன பிறகு என்ன ஆகுமோ என்று பயந்தும் சொல்வார்கள். ஊழியர் பக்கத்தில் இல்லாதபோது, தெருவில் சற்று நடக்கையிலோ காரில் போகையிலோ, "ராத்திரி கூப்பிட்டால் யார் வருகிறார்கள்?" என்பதுபோலக் கேளுங்கள். மறதி நோய் உள்ளவர் "சங்கிலியைத் திருடிவிட்டார்கள்" என்றால் நோயின் குழப்பமாகவும் இருக்கலாம், உண்மையாகவும் இருக்கலாம். சங்கிலி இருக்கிறதா என்று தேடிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். இல்லங்களில் வேலை செய்வோரில் மூன்றில் இருவர் கடந்த ஓராண்டில் ஏதோ ஒரு வகையில் முதியவர்களிடம் தவறாக நடந்ததாகத் தாங்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள் என்பது உலகச் சுகாதார நிறுவனம் தரும் கணக்கு. இதற்காக ஒவ்வோர் ஆயாவையும் திருடியாகப் பார்க்க வேண்டியதில்லை. பல இடங்களில் ராத்திரி முழுக்க ஒற்றை ஆளாக அத்தனை பேரையும் சமாளிப்பவர்கள் அவர்கள்.

சரி, ஏதோ தப்பு என்று தெரிகிறது. வாசலில் நின்று கத்தாதீர்கள். நீங்கள் விமானம் ஏறிவிடுவீர்கள், அந்தக் கோபத்துக்கு வட்டி கட்டப்போவது அம்மா. உயிருக்கு ஆபத்தான நிலை என்றால் மட்டும் யோசிக்காமல் ஆம்புலன்ஸ்: தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990. போலீஸ் தேவைப்பட்டால் இந்தியாவில் 112, இலங்கையில் 119. மற்றபடி காயத்தைத் தேதி தெரியப் படமெடுத்து, இல்லத்தோடு தொடர்பில்லாத மருத்துவரிடம் காட்டி எழுத்தில் வாங்குங்கள். நிர்வாகத்துக்குப் புகாரை எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக நகலில் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

நிர்வாகம் மழுப்பினால், தமிழ்நாட்டில் மாவட்டச் சமூகநல அலுவலரிடம் போகலாம். இந்தியா முழுவதற்கும் முதியோர் உதவி எண் 14567. இத்தகைய குறுகிய எண்களை வெளிநாட்டிலிருந்து நம்பியிருக்க முடியாது, ஊரில் இருக்கும்போதே பேசிவிடுங்கள். இந்தியாவில் பெற்றோரின் பராமரிப்புக்காக 2007ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. இலங்கையில் முதியோர் உரிமைகளைப் பாதுகாக்க 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் உண்டு. அங்கே முதலில் பிரதேச செயலகத்துக்குப் போய், முதியோர் விடயங்களைப் பார்க்கும் உத்தியோகத்தரைச் சந்தியுங்கள்.

வேறு இல்லத்துக்கு மாற்றுவதென்றால் அவரையும் கேட்டுவிட்டு மாற்றுங்கள். பக்கத்துக் கட்டில் தோழியை விட்டு வர மனமில்லாதவர்களும் இருப்பார்கள். கிளம்புமுன் உள்ளூரில் ஒருவரைப் பிடியுங்கள். தூரத்து உறவை விட, பக்கத்தில் இருக்கும் பழைய நண்பர் மேல். படங்கள், புகார் நகல், மருந்துச் சீட்டு எல்லாவற்றிலும் ஒரு பிரதி அவரிடம் இருக்கட்டும். அவருடைய பெயரை இல்லத்தின் பதிவேட்டில் எழுதவையுங்கள். மாதம் இரண்டு தடவை, கிழமை மாற்றி மாற்றிப் போகச் சொல்லுங்கள். போகும்போதெல்லாம் எடை பார்த்து உங்களுக்கு அனுப்பட்டும்.