நிறத்தின் பெயரைக் கேட்டு எழுதுவது எப்படி: ரஷ்ய மொழியிலிருந்து தேக்கா வரை

ஒரே துணியைப் பார்த்து ஆண் "பச்சை" என்பதும் பெண் "கிளிப்பச்சை" என்பதும் நம் வீடுகளில் கேலிப் பேச்சாகவே முடிந்துவிடுகிறது. ரஷ்ய மொழியில் இதை முறையாகக் கேட்டுத் தொகுத்திருக்கிறார்கள். அங்கும் பெண்கள் லைலாக் பூவிலிருந்து வந்த "சிரேனிவிய்", கீரை வகையான லெட்டூஸிலிருந்து வந்த "சலாத்தவிய்" போன்ற பொருள்வழிப் பெயர்களை மிகுதியாகச் சொல்ல, ஆண்கள் அடிப்படைப் பெயர்களிலேயே நின்றுவிடும் போக்கு தெரிகிறது. அந்தச் சோதனையைச் சிங்கப்பூரில், நம் உறவினர்களிடையே சிறு அளவில் செய்து பார்க்க விரும்புவோருக்காக இந்தக் குறிப்பு.

முதலில் இருபது நிற மாதிரிகளைச் சேகரியுங்கள். சாயக் கடைகளில் கிடைக்கும் நிற அட்டைகள் போதும். லிட்டில் இந்தியா வட்டாரமான தேக்காவில் ரவிக்கைத் துண்டுகள் வாங்கினால் இன்னும் நல்லது, ஆனால் பட்டின் பளபளப்பு பதிலை மாற்றிவிடும் என்பதால் பருத்தியாக எடுங்கள். அட்டையில் அச்சிட்ட பெயரை மறைக்க மறக்காதீர்கள். கைப்பேசித் திரையில் காட்டவே வேண்டாம்; ஒவ்வொரு திரையும் ஒவ்வொரு நீலத்தைக் காட்டும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் வரவேற்பறை விளக்கும் மஞ்சளைக் கூட்டிவிடுவதுண்டு. காலை பத்து மணியளவில், நேர்வெயில் படாத சன்னலோரத்தில், வெள்ளைத்தாளின்மேல் ஒவ்வொன்றாக வைத்துக் காட்டுங்கள்.

கேள்வி "இது என்ன நிறம்?" என்பது மட்டுமே. "நீலமா?" என்று கேட்டால் சோதனை அங்கேயே முடிந்தது. ஒவ்வொருவரையும் தனியாக உட்கார வைப்பது மிக முக்கியம்: என் மாமா மயில்கழுத்து நிறத் துண்டைப் பார்த்து "புளூ" என்றதும், அடுக்களையிலிருந்து அத்தை "கண்ணு தெரியலையா, மயில்கழுத்து!" என்று குரல் கொடுக்க, அதன் பிறகு மாமா எதைப் பார்த்தாலும் அத்தையின் பக்கமே திரும்பினார். அவர்கள் "லைட் பர்ப்பிள்" என்றால் அப்படியே எழுதுங்கள். திருத்தி "வெளிர் ஊதா" ஆக்காதீர்கள். "ஊதா" என்பதே சிலருக்கு நீலம், சிலருக்குக் கத்தரிப்பூ நிறம் என்பதால், அந்தச் சொல் வரும்போது எந்தத் துண்டுக்கு வந்தது என்பதையும் குறியுங்கள்.

தாளின் தலைப்பில் ஆண், பெண் என்று எழுதிவிடுங்கள். ரஷ்யர்கள் எழுதித் தந்தால் "சொன்னேன்" என்னும் இறந்தகால வினையின் ஈறே எழுதியவர் ஆணா பெண்ணா என்று காட்டிவிடும். நம் "சொன்னேன்" காட்டாது. நிறக்குருடு உண்டா என்றும் கேளுங்கள். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 8 விழுக்காட்டினருக்கும் பெண்களில் 0.5 விழுக்காட்டினருக்கும் சிவப்பு-பச்சைக் குழப்பம் இருப்பதால், அதைக் கேட்காமல் விட்டால் கண்ணின் வேறுபாட்டை மொழியின் வேறுபாடாக எண்ணிவிடுவோம்.

பதில்களை மூன்றாகப் பிரியுங்கள்: "பச்சை" போன்ற தனிப்பெயர், "வெளிர்", "டார்க்" போன்ற அடையுடன் வருவது, வாடாமல்லி, அரக்கு, எம்.எஸ். நீலம் (பாடகி எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரால் வந்தது) போன்று பொருளையோ ஆளையோ சுட்டுவது. இங்கேதான் ரஷ்ய மொழியில் ஒரு கண்ணி இருக்கிறது. அடர்நீலத்துக்கு "சீனிய்" (நம் சீனிக்கும் இதற்கும் உறவில்லை), வெளிர்நீலத்துக்கு "கலுபோய்" என்று இரண்டு தனிப்பெயர்கள் அங்கே உண்டு. மாஸ்கோ மெட்ரோவிலும் இவை இரண்டு வெவ்வேறு பாதைகளின் நிறங்கள். இரண்டுக்கும் நடுவிலுள்ள எல்லையைத் தாண்டும் நிறங்களை ரஷ்ய மொழியினர் விரைவாகப் பிரித்தறிந்ததை 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே ஒரு ரஷ்ய ஆண் "கலுபோய்" என்றால் அது நுணுக்கமான பெயரன்று, சாதாரணப் பெயர். நம் "வான்நீலம்" அப்படியல்ல. மூன்றாம் வகையில்தான் சேரும்.

எண்ணி முடித்தபின் தொழிலையும் பாருங்கள். நான் கேட்டவர்களில் மிக நீண்ட பட்டியலைத் தந்தவர் ஓர் ஆண். முப்பது ஆண்டுகளாகப் புடவை விற்பவர். வெங்காயச்சருகு, பாசிப்பயறு என்று அவர் அடுக்கியபோது என் தாளில் இடம் போதவில்லை. இதனாலேயே, இந்த வேறுபாடு ஆண், பெண் என்பதைவிடப் பழக்கத்தில் வேரூன்றியது என்று எனக்குப் படுகிறது. அதை உறுதிசெய்ய, புடவை கட்டாத இளம்பெண்கள் சிலரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு வாரம் கழித்து அதே ஆட்களிடம், வரிசையை மாற்றி மீண்டும் கேளுங்கள். அதுவரை தாள்களை யாருக்கும் காட்ட வேண்டாம். நான் காட்டிவிட்டேன், மறுமுறை மாமா சாம்பலைத் தவிர எல்லாவற்றையும் மயில்கழுத்து என்றார்.