மலை இறங்கும் முன்பே செய்துவிடும் தவறுகள்

பச்சைத் தேயிலை விலை சரியும்போதெல்லாம் நீலகிரியில் கோத்தகிரி, குன்னூர், கூடலூர் பக்கம் வெளிநாட்டு வேலைப் பேச்சு சூடுபிடிக்கும். டிரைவர், ஓட்டல் வேலை பார்த்தவர், நர்சிங் முடித்த பெண் என்று ஒவ்வொரு ஊரிலும் யாராவது ஒருவர் கிளம்பிக்கொண்டிருப்பார். அங்கே போய் மாட்டிக்கொண்டு திரும்பியவர்களிடம் உட்கார்ந்து பேசினால் ஒன்று தெரியும். சிக்கல் பெரும்பாலும் துபாயிலோ தோகாவிலோ தொடங்கியிருக்காது. இங்கேயே, டீக்கடை பெஞ்சில், தெரிந்தவர் ஒருவர் சொன்னதை அப்படியே நம்பியதில் தொடங்கியிருக்கும்.

“தம்பி, விசிட்ல போய் இறங்கு. வேலை விசாவை அங்க மாத்திக்கலாம்.” இதைவிட ஆபத்தான வாக்கியம் இந்தத் தொழிலில் கிடையாது. விசிட் விசாவில் வேலை பார்ப்பது சட்டவிரோதம். சம்பளம் தராவிட்டால் புகார் கொடுக்கவே கால் நடுங்கும். இன்னொரு பக்கமும் உண்டு. பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட் பொதுவாக இ.சி.ஆர்., அதாவது ‘குடிபெயர்வுச் சோதனை தேவை’ என்ற வகையில் வரும். வளைகுடா நாடுகள், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு அவர்கள் வேலைக்குப் போக, மத்திய அரசின் இ-மைகிரேட் இணையதளம் வழியாகக் குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டும். அதோடு பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடும் சேர்ந்து வரும்: இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய் கட்டினால், விபத்தில் உயிர் போனாலோ நிரந்தர ஊனம் ஏற்பட்டாலோ 10 லட்சம். விசிட்டில் போகிறவருக்கு இந்த அனுமதி தேவைப்படாது, அதனால் காப்பீடும் இல்லை. ஏஜென்ட் ‘ஈஸி’ என்று சொல்வது இதைத்தான்.

ஏஜென்ட் கட்டணத்துக்கும் வரம்பு உண்டு. அரசிடம் பதிவுபெற்ற ஏஜென்ட் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம், ரசீதும் தர வேண்டும். அவருடைய பதிவு எண்ணை இ-மைகிரேட் தளத்தில் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். அம்மா நகையை அடகு வைத்து லட்சக்கணக்கில் கொடுக்கிறோம் என்றால், வேலைக்குப் போகவில்லை, வட்டி கட்டப் போகிறோம்.

ஒப்பந்தத்தில் எல்லோரும் மொத்தச் சம்பளத்தை மட்டும் பார்க்கிறார்கள். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று பாருங்கள். துபாய் இருக்கும் ஐக்கிய அரபு அமீரகத்தில் ஓவர்டைம் கணக்கு அதை வைத்துத்தான். ஒரு வருடம் முடித்தவருக்கு, முதல் ஐந்து வருடங்கள் வரை, வருடத்துக்கு 21 நாள் வீதம் வேலையை விடும்போது கிடைக்கும் பணிக்கொடையும் (கிராஜுவிட்டி) அதை வைத்துத்தான். 2,500 திர்ஹாம் என்று சொல்லிவிட்டு அதில் 1,000 மட்டும் அடிப்படை என்று எழுதியிருந்தால், மீதி 1,500 இந்தக் கணக்கில் வராது. தங்குமிடம், சாப்பாடு, திரும்பி வர டிக்கெட் இவை யார் பொறுப்பு என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜை ஒப்பந்தமாக நினைக்காதீர்கள்.

நம்ம ஊர்ப் பேருக்கென்றே ஒரு தலைவலி இருக்கிறது, இனிஷியல். மார்க்‌ஷீட்டில் ‘குமார் எஸ்’, ஆதாரில் ‘குமார்’, பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலி. 2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களை விசிட் விசாவில் விடமாட்டோம் என்று அமீரகம் அறிவித்தபோது தமிழ்நாட்டுக்காரர்கள்தான் முதலில் முழித்தார்கள். இனிஷியலை அப்பா பெயராக விரித்து, எல்லா ஆவணத்திலும் ஒரே மாதிரி ஆக்கிக்கொள்வது நல்லது. கோயம்புத்தூர் பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு இரண்டு முறை அலைய நேர்ந்தாலும் பரவாயில்லை. வேலை கிடைத்த பிறகு இதைச் செய்ய நேரம் இருக்காது.

படிப்புச் சான்றிதழும் அப்படித்தான். அமீரகத்துக்கு என்றால் மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், பிறகு அமீரகத் தூதரகம் என்று படிப்படியாகச் சான்றொப்பம் (அட்டஸ்டேஷன்) வாங்க வேண்டும். முத்திரை சான்றிதழின் பின்பக்கம் விழும். ஆசையாக லேமினேஷன் செய்து வைத்திருக்கிறோமே, அதன்மேல் முத்திரை ஒட்டாது. உரிக்கப்போனால் தாளும் கூடவே வரும்.

வளைகுடா மருத்துவப் பரிசோதனையில் மார்பு எக்ஸ்ரே உண்டு. எப்போதோ வந்து குணமான காசநோயின் தழும்பு தெரிந்தாலே ‘தகுதியில்லை’ என்று போட்டுவிட வாய்ப்பு இருக்கிறது. ஆகவே, முடிவு கைக்கு வரும்வரை இங்கிருக்கும் வேலையை விட்டுவிடாதீர்கள்.

அப்புறம், பெட்டி. அம்மா அரைத்துக் கொடுத்த குருமா மசாலாவில் கசகசா இருக்கிறதா என்று கேளுங்கள். அமீரகத்தில் அது தடைசெய்யப்பட்ட பொருள். கசகசா கொண்டுபோய்ப் பிடிபட்டவர்கள் இருக்கிறார்கள். டிரமடால், கோடீன் போன்ற வலிநிவாரணி கலந்த மாத்திரை மருந்து என்றால் டாக்டர் சீட்டு மட்டும் போதாது, முன்கூட்டியே அந்நாட்டுச் சுகாதாரத் துறையின் அனுமதி வேண்டும். பக்கத்து வீட்டு அக்கா “என் தம்பிக்கு மட்டும் கொடுத்துடு” என்று நீட்டும் பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்காமல் வாங்கவே கூடாது. அவர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

வெயிலைப் பற்றிச் சமவெளிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, நமக்குச் சொல்ல வேண்டும். ஊட்டியில் பல வீடுகளில் மின்விசிறி மாட்டக் கொக்கிகூடக் கிடையாது. அங்கிருந்து கிளம்பி ஜூலையில் 45 டிகிரியில் போய் இறங்கினால் உடம்பு திகைத்துப்போகும். அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30 முதல் 3 மணி வரை வெட்டவெளி வேலைக்குத் தடை இருக்கிறது. அந்த நேரத்தில் வேலை வாங்கினால் அது உங்கள் தலையெழுத்து இல்லை, விதிமீறல். ஆனால் ஸ்வெட்டரை விட்டுவிட்டுப் போகாதீர்கள். ஏசி அறையில் தேவைப்படும்.

பயண நாளையும் மலை ஆட்டிவைக்கும். அக்டோபர், நவம்பரில் மண்சரிவால் குன்னூர் - மேட்டுப்பாளையம் சாலை மூடப்படுவது புதிதல்ல; கோத்தகிரி வழியும் அன்றைக்கு நெரிசலாகிவிடும். மழைக்காலத்தில் டிக்கெட் என்றால் முந்தின நாளே இறங்கி கோவையில் தங்கிவிடுங்கள். கூடலூர்க்காரர்களுக்குக் கோழிக்கோடு விமான நிலையம்தான் பக்கம், அங்கேயும் மலைப்பாதையைத் தாண்டித்தான் போக வேண்டும்.

கையில் இரண்டு மாதச் செலவுக்காவது பணம் இருக்கட்டும். முதல் சம்பளம் தள்ளிப்போகலாம், அதற்குள் ஊரிலிருந்து தவணைக்காரர் போன் வந்துவிடும். இங்குள்ள சேமிப்புக் கணக்கை வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றச் சொல்லி வங்கியில் ஒரு கடிதம் கொடுங்கள். பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்ள அமீரகச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. “எல்லோரும் கொடுத்திருக்காங்க” என்பார்கள்; கொடுக்காதீர்கள்.

தனியாகப் போகிறவர் வீட்டில் ஒருவரிடமாவது பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம் மூன்றின் நகலும் தங்குமிட முகவரியும் அறைத்தோழர் ஒருவரின் எண்ணும் இருக்க வேண்டும். பத்து நாள் போன் வரவில்லை என்று பெற்றோர் திங்கட்கிழமை ஊட்டி கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாளில் மனுவோடு போய் நிற்பார்கள். கம்பெனி பெயர் என்ன, பாஸ்போர்ட் எண் என்ன என்று கேட்டால் “துபாய்ல இருக்கான் சார்” என்பதுதான் பதிலாக இருக்கும். அயலகத் தமிழர் நலத்துறையானாலும் தூதரகமானாலும், அந்த இரண்டு விவரமும் இருந்தால்தான் தேடவே தொடங்க முடியும்.