வாசனைத் தூளை நம்பி எடை குறைக்க நினைப்பவர்கள் செய்யும் தவறுகள்

வாசனையும் சுவையும் சீக்கிரமே வயிறு நிறைந்த உணர்வைத் தரும், அதனால் சாப்பாட்டின்மேல் தூவினாலே எடை குறையும் என்று விற்ற பொருள்களில் அதிகம் ஓடியது அமெரிக்காவின் சென்சா என்ற தூள். 2008 முதல் 2012 வரை அங்கு மட்டும் 36.4 கோடி டாலருக்கு மேல் விற்பனை. அந்த விளம்பரத்துக்குத் தக்க ஆதாரம் இல்லை என்று அந்நாட்டு நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான பெடரல் டிரேட் கமிஷன் தொடுத்த வழக்கில், 2014 ஜனவரியில் 2.65 கோடி டாலர் கட்ட நிறுவனம் ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு தொழிலையும் மூடிவிட்டது. ஆனால் தோலில் ஒட்டும் வாசனை பேட்ச், முகரும் குச்சி, சுவைச் சொட்டு என்று இதே வாக்குறுதி இன்னும் விற்கப்படுகிறது.

ஒரு வேளையில் நடப்பதை ஆறு மாதத்துக்கும் பொருத்துவதுதான் இதில் பெரிய தவறு. ஒரே சுவையைத் தொடர்ந்து சாப்பிட்டால் அதன்மேல் ஆசை குறையும் என்பது உண்மை. ஆனால் குறைவது அந்தச் சுவையின்மேல் மட்டும்தான். கல்யாணப் பந்தியில் 'இனி ஒரு வாய் வேண்டாம்' என்றவரும் பாயசம் வந்ததும் இலையை ஒதுக்கி இடம் விடுவார். ஒரே உணவைக் கொடுத்ததைவிட நான்கு வகை உணவை அடுத்தடுத்துப் பரிமாறியபோது மக்கள் சுமார் 60 விழுக்காடு கூடுதலாகச் சாப்பிட்டதை உணவு ஆய்வாளர் பார்பரா ரோல்ஸ் குழுவினர் 1980களிலேயே காட்டினார்கள். தூள் தூவிய சாதம் சலித்தாலும் பக்கத்திலிருக்கும் மிக்சர் சலிக்காது. போதாததற்கு, உணவு வாசனை அதே வகை உணவின்மேல் ஆசையைக் கிளப்பவும் செய்யும். பேக்கரி வாசலில் நிற்கும் எவருக்கும் இது தெரியும்.

அடுத்த தவறு, பெரிய எண்ணைக் கண்டு மயங்குவது. 1,436 பேர் ஆறு மாதத்தில் சராசரியாக 30 பவுண்டு, அதாவது 13 கிலோவுக்கு மேல் குறைந்தார்கள் என்றது சென்சா. கேட்க வேண்டிய கேள்விகள் வேறு: வாசனையில்லாத அதே மாதிரித் தூளை வேறொரு குழுவுக்குக் கொடுத்து ஒப்பிட்டார்களா? எடையைப் பார்த்துக் குறித்தது யார்? பாதியில் விட்டவர்களைக் கணக்கில் சேர்த்தார்களா? 'எனக்குப் பலித்தது' என்று விளம்பரத்தில் வந்தவர்களில் சிலருக்கு 1,000 அல்லது 5,000 டாலர் கொடுக்கப்பட்டதும் அந்த வழக்கில் வெளியானது.

வாங்கியே தீருவதென்றால் லேபிளைப் படியுங்கள். இத்தகைய தூள்களில் பெரும்பகுதி மால்டோடெக்ஸ்ட்ரின் போன்ற மாவுப்பொருளாக இருக்கலாம். பால், சோயா ஒவ்வாமை உள்ளவர்கள் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். 'இலவச சாம்பிள்' என்பதற்காக கார்டு எண்ணைக் கொடுத்தால் மாதாமாதம் பணம் பிடிக்கப்படும் வாய்ப்பும் உண்டு.

நம்மூரில் சிறுகுறிஞ்சான் என்ற மூலிகையையும் எடை குறைக்கப் பயன்படுத்துகிறார்கள். இலையை மென்றபின் சர்க்கரையை வாயில் போட்டால் மணல் போலிருக்கும். அதிலுள்ள ஜிம்னெமிக் அமிலங்கள் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை இனிப்பு உணர்வை மறைக்கும். அதன்பின் நாக்கு பழைய நிலைக்கு வந்துவிடும். இதை எடைக்கான மருந்தாக எண்ணுவது தவறு. சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் சேர்த்துக்கொள்வது ஆபத்து: ரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி நடுக்கம், வியர்வை, மயக்கம் வரலாம்.

சர்க்கரைக்குப் பதில் இனிப்பூட்டிகளை எடைக் கட்டுப்பாட்டுக்காகப் பயன்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமும் 2023இல் பரிந்துரைத்தது.

சுவையால் நிஜமாகவே குறைக்கக்கூடியது எண்ணெய். ஒரு மேசைக்கரண்டி, அதாவது 15 மில்லி எண்ணெயில் சுமார் 120 கலோரி. நான்கு பேருக்கான பொரியலில் மூன்று கரண்டி ஊற்றுகிற இடத்தில் ஒன்று ஊற்றினால் ஆளுக்கு 60 கலோரி மிச்சம். பாட்டிலைச் சாய்த்து ஊற்றாமல் கரண்டியில் அளந்து ஊற்றுங்கள். அந்த ஒரு கரண்டியிலேயே கடுகு, பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்து, காயைச் சேர்த்து, நீர் தெளித்து மூடி வேகவையுங்கள். எலுமிச்சைச் சாற்றை அடுப்பை அணைத்தபின் பிழியுங்கள். முன்பே பிழிந்தால் மணம் போய்விடும்.