கோல்ஃப் பழக முதலில் எதை வாங்குவது? ஏழாம் இலக்க அயனில் தொடங்குவோம்

சீனன்குடாவில் விமானப்படை நடத்தும் ஈகிள்ஸ் கோல்ஃப் லிங்க்ஸ் என்ற கோல்ஃப் மைதானம் இருப்பதால், திருகோணமலைக்காரர் இந்த விளையாட்டைப் பழகக் கொழும்புக்கோ நுவரெலியாவுக்கோ ஓட வேண்டியதில்லை. ஆசைப்படுபவர்கள் தயங்கி நிற்பது மட்டை வாங்கும் இடத்தில்தான். ஒரு சுற்றுக்கு 14 மட்டைகள் வரை கொண்டுபோகலாம் என்பது விதி. ஆனால் அது மேல் வரம்பு மட்டுமே. குறைந்தது இத்தனை வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. புதிதாகப் பழகுபவருக்கு ஆறு மட்டை தாராளம். முதல் மாதத்துக்கு ஒன்றே போதும்: ஏழாம் இலக்க அயன். அயன் என்பது தட்டையான உலோகத் தலையுள்ள மட்டை.

படி 1: எந்தக் கை, எவ்வளவு நீளம்

கிரிக்கெட் மட்டையை யாரும் பிடிக்கலாம். கோல்ஃப் மட்டை அப்படியல்ல, அடிக்கும் முகம் ஒரு பக்கம்தான் இருக்கும். ஆகவே வலக்கைக்கு வேறு, இடக்கைக்கு வேறு. எழுதும் கையை வைத்து முடிவெடுக்காதீர்கள். வலக்கையால் எழுதிக்கொண்டு இடக்கைத் துடுப்பாட்டம் ஆடுகிறவர்கள் நம்மிடையே நிறையப் பேர். இரண்டு பக்கமும் வீசிப் பார்த்து, உடம்பு இயல்பாகத் திரும்பும் பக்கத்தைத் தெரிவு செய்யுங்கள்.

அப்புறம் அளவு. சப்பாத்துப் போட்டு நேராக நின்று கைகளைத் தொங்க விடுங்கள். மணிக்கட்டின் மடிப்பிலிருந்து தரை வரை வேறொருவரை அளக்கச் சொல்லுங்கள். ஏறத்தாழ 34 முதல் 37 அங்குலம் வந்தால் ஆண்களுக்கான வழக்கமான நீளம் பொருந்தும். அதைவிடக் குறைந்தால் பெண்களுக்கான மட்டைகளையும் பிடித்துப் பாருங்கள், அவை சுமார் ஓர் அங்குலம் கட்டையானவை. நீளம் பொருந்தாத மட்டையோடு பழகினால் உடம்பு கூனியும் நிமிர்ந்தும் தன்னைத் திருத்திக்கொள்ளும். பிறகு அந்தப் பழக்கத்தை விடுவிப்பது பெரும்பாடு.

படி 2: ஏழாம் இலக்க அயன், பிறகு மற்றவை

இலக்கம் ஏற ஏற மட்டையின் முகம் கூடுதலாகச் சாய்ந்திருக்கும், பந்து உயரமாகவும் கிட்டவும் விழும். ஏழு நடுவில் இருக்கிறது. மிக நீளமுமில்லை, மிகக் கட்டையுமில்லை. பயிற்சித் திடலில் பந்து நூறில் அறுபது முறையாவது நேராக எழும்பும் வரை இதை மட்டும் வைத்திருங்கள்.

தலையின் பின்புறம் குழிவாக உள்ள 'கேவிற்றி பேக்' வகையைக் கேட்டு வாங்குங்கள். அதில் பாரம் ஓரங்களுக்குப் பரவியிருப்பதால், பந்து நடுவில் படாவிட்டாலும் தலை அதிகம் திருகாது. மெல்லிய 'பிளேட்' வகை பார்க்க அழகு, ஆனால் அது கை தேறியவர்களுக்கு. தண்டின் விறைப்பில் 'ரெகுலர்' போதும். 'ஸ்டிஃப்' வேகமாக வீசுபவர்களுக்கானது.

இரண்டாவதாக வாங்க வேண்டியது பற்றர், அதாவது குழிக்குள் உருட்டிவிடும் மட்டை. இதைக் கடைசிக்குத் தள்ளுவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. 18 குழிகளையும் 72 அடிகளில் முடிக்கும் 'பார் 72' என்ற கணக்கில் குழிக்கு இரண்டாக 36 அடிகள் பற்றருக்கே ஒதுக்கப்பட்டிருக்கின்றன, சரி பாதி! 33 முதல் 35 அங்குலத்துக்குள், குனிந்து நிற்கும்போது கண் பந்துக்கு நேர் மேலே வரும்படி எடுங்கள். வீட்டுச் சீமெந்துத் தரையில் ஒரு பாயை விரித்துத் தினமும் உருட்டலாம்.

பிறகு மணலிலிருந்து தூக்க 56 பாகைச் சாண்ட் வெட்ஜ், ஒன்பதாம் இலக்க அயன், நீள அடிக்கு எளிதான ஒரு ஹைபிரிட் மட்டை. மிகத் தூரம் அடிக்கும் டிரைவர் கடைசி. அதன் முகச் சாய்வை 10.5 முதல் 12 பாகைக்குள் பாருங்கள். சாய்வு குறைந்தால் பந்து வளைந்து காட்டுக்குள் போவது கூடும். ஆடி மாதக் கச்சான் காற்றில் பந்து தாழ்வாகப் போனால் நல்லதென்று 9 பாகையைத் தேடாதீர்கள். காற்றில் தாழ்வாக அடிக்க ஏழாம் இலக்கத்தைப் பாதி வீச்சில் ஆடினால் போதும்.

படி 3: பழையதை வாங்கும்போது

பழைய மட்டையில் எனக்கு நம்பிக்கை உண்டு, ஆனால் கடலோர ஊர் என்பதை மறக்கக் கூடாது. தண்டும் தலையும் சேரும் இடத்தில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு கண்ணை மூடித் தண்டின் நீளத்தில் பார்த்தால் வளைவு தெரிந்துவிடும். தலையைக் காதருகே ஆட்டுங்கள், உள்ளே கடகடவென்றால் வேண்டாம். கைப்பிடி இறப்பர் கண்ணாடிபோல் வழுக்கினால் அதை மாற்றும் செலவையும் விலையில் கழித்துப் பேசுங்கள்.

படி 4: சின்னச் சாமான்கள்

கையுறை ஒரு கைக்கு மட்டும்தான், வலக்கைக்காரருக்கு இடக்கையில். விரல் நுனியில் துணி தொங்காமல் இறுக்கமாக இருக்க வேண்டும். நம் வெக்கையில் தோல் கையுறை வியர்வையில் ஊறிக் காய்ந்து விறைத்துவிடும். செயற்கைத் தோலில் இரண்டு வாங்கி மாற்றி மாற்றிப் போடுவதே நல்லது.

பந்து இரண்டு அடுக்கு உள்ளதை வாங்குங்கள். விலை குறைவு, உறை கெட்டி. பழைய பந்தென்றாலும் குறையில்லை, எப்படியும் பற்றைக்குள் சில போகும். பை இலேசாக, நிற்கும் கால்களோடு. பந்தை ஏற்றி வைக்கும் சிறு முளையான 'டீ' மரத்தாலானது பத்திருபது, ஒரு துவாய், தொப்பி, இரண்டு லீற்றர் தண்ணீர்.

படி 5: வீட்டுக்கு வந்ததும்

ஒரு மாரி முழுக்க என் மட்டைப் பையை விறாந்தையில் விட்டிருந்தேன். வாடைக்காற்று தணிந்து திறந்தபோது இரண்டு அயன்களின் முகக் கோடுகளில் துரு ஏறியிருந்தது. அன்றிலிருந்து, விளையாடி வந்த அன்றே நல்ல தண்ணீரில் ஈரத் துவாயால் தலையையும் கைப்பிடியையும் துடைத்து, உலர் துணியால் ஒற்றி, பையைத் திறந்தபடி அறைக்குள் வைக்கிறேன். கையுறையை நிழலில் விரித்துவிடுங்கள், வெயில் வேண்டாம்.